நிபந்தனை இல்லாமல் கொடுங்கள்: சமூக அறக்கட்டளைகள் பற்றிக் கொஞ்சம் விரிவாக

"கொஞ்சம் பணம் நல்ல காரியத்துக்குக் கொடுக்கணும், எங்கே கொடுக்கலாம்?" என்று யாராவது கேட்டால், நான் திருப்பிக் கேட்பது "உங்கள் பகுதியில் சமூக அறக்கட்டளை ஏதாவது இருக்கிறதா?" என்பதைத்தான். பாதிப் பேருக்கு அப்படி ஒன்று உண்டு என்பதே தெரியாது. தெரிந்தவர்களிலும் பலர் அது பெரிய பணக்காரர்கள் கணக்கு வைத்துக்கொள்ளும் இடம் என்று நினைத்து ஒதுங்கிவிடுகிறார்கள். ஒரு சமூக அறக்கட்டளைக்கு வரும் விண்ணப்பங்களை வாசிக்கும் குழுவில் நான் தன்னார்வலராக இருக்கிறேன், அதனால் உள்ளே என்ன நடக்கிறது என்று ஓரளவு தெரியும். அதையும், இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்பதையும், எனக்கு இதில் எது பிடிக்கிறது, எது உறுத்துகிறது என்பதையும் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

விஷயம் எளிதுதான். ஒரு நகரம், ஒரு மாவட்டம் என்று ஏதோ ஒரு நிலப்பகுதிக்கென்றே இயங்கும் பொது அறக்கட்டளை இது. ஒரு குடும்பத்துக்கோ கம்பெனிக்கோ சொந்தமானது கிடையாது. பலர் கொடுத்த பணம், பங்குகள், நிலம், உயிலில் எழுதி வைத்த சொத்து எல்லாம் ஓரிடத்தில் சேர்கின்றன, முதலீடு செய்யப்படுகின்றன, அதில் வரும் வருமானத்திலிருந்து அந்தப் பகுதியில் வேலை செய்யும் சின்னதும் பெரியதுமான அமைப்புகளுக்கு மானியம் போகிறது. பசித்தவருக்குச் சாப்பாடு போடுவது, முதியோரைப் பார்த்துக்கொள்வது, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது என்று களத்தில் நிற்பவர்கள் வேறு. அவர்களுக்குப் பணமும் துணையும் கிடைக்கச் செய்வது அறக்கட்டளையின் வேலை.

இதை முதலில் யோசித்தவர் ஒரு வங்கியாளர். அமெரிக்காவில் கிளீவ்லேண்ட் டிரஸ்ட் கம்பெனியின் தலைவராக இருந்த ஃபிரெடரிக் ஹாரிஸ் கோஃப். வழக்கறிஞராகவும் இருந்தவர் என்பதால் உயில்களில் என்னென்ன கோளாறு வரும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். நல்ல மனதோடு ஒருவர் சொத்தை எழுதி வைத்துவிட்டுப் போகிறார், ஐம்பது வருஷம் கழித்து அந்த உயிலில் சொன்ன தேவையே உலகத்தில் இருக்காது, ஆனால் பணம் அதற்குத்தான் செலவாக வேண்டும் என்று சட்டம் பிடித்துக்கொள்ளும். இதற்கு அடிக்கடி சொல்லப்படும் உதாரணம் செயின்ட் லூயிஸ் நகரத்தின் பிரையன் முல்லன்ஃபி. 1851-இல் இறந்தவர், அந்த நகரத்தின் மேயராகவும் இருந்தவர். அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் குடியேறப் போகும் வழியில் செயின்ட் லூயிஸ் வந்து சேரும் ஏழைப் பயணிகளுக்கு உதவ வேண்டும் என்று தன் சொத்தில் மூன்றில் ஒரு பங்கை எழுதி வைத்தார். அந்தக் காலத்தில் அது மிகவும் அவசியமான உதவி. அப்புறம் ரயில் வந்தது, மேற்கே போகிற கூட்டமும் ஓய்ந்தது, வாங்கிக்கொள்ள ஆள் இல்லாமல் பணம் தங்கிவிட்டது, கடைசியில் நீதிமன்றம் வரை போய்த்தான் அதை வேறு உதவிக்குத் திருப்ப முடிந்தது.

பெஞ்சமின் ஃபிராங்க்ளின் அளவுக்கு அறிவாளிக்கே இதில் தப்பிக்க முடியவில்லை. 1790-இல் இறந்தபோது பாஸ்டனுக்கும் ஃபிலடெல்ஃபியாவுக்கும் ஆளுக்கு ஆயிரம் பவுண்டு விட்டுப் போனார். இருபத்தைந்து வயதுக்கு உட்பட்ட, கல்யாணமான, ஒரு கைவினைஞரிடம் தொழில் பழகி முடித்த இளைஞர்களுக்குக் கடனாகக் கொடுக்க வேண்டும், இப்படி இருநூறு வருஷம் போக வேண்டும் என்பது அவர் கணக்கு. தொழிற்சாலைகள் வந்ததும் ஒரு குருவிடம் தொழில் பழகும் முறையே தேய்ந்துபோனது. நிபந்தனைக்குப் பொருந்தும் ஆளைத் தேட வேண்டிய நிலை வந்தது. 

கோஃப் கண்ட தீர்வு இதுதான்: தனித்தனி உயில்கள், தனித்தனி டிரஸ்டுகள் என்று சிதறிக் கிடப்பதற்குப் பதில் எல்லாம் ஒரே அறக்கட்டளைக்குள் வரட்டும். முதலீட்டை வங்கி பார்த்துக்கொள்ளட்டும். வருமானத்தை எதற்குக் கொடுப்பது என்பதை ஊரார் அடங்கிய குழு ஒன்று அந்தந்தக் காலத்துக்கு ஏற்ப முடிவு செய்யட்டும். கொடுத்தவர் சொன்ன நோக்கம் காலத்துக்கு ஒவ்வாமல் போனால், நீதிமன்றப் படி ஏறாமலே அதை மாற்றும் அதிகாரமும் அந்தக் குழுவுக்கு இருக்கட்டும். 1914 ஜனவரி 2 அன்று அவருடைய வங்கியின் இயக்குநர் குழு இதற்குத் தீர்மானம் போட்டது, கிளீவ்லேண்ட் ஃபவுண்டேஷன் பிறந்தது. பங்கீட்டுக் குழுவில் ஐந்து பேர், அதில் இரண்டு பேரைத்தான் வங்கி நியமிக்கும், மற்ற மூவரை நகர மேயர், உயில் வழக்குகளைப் பார்க்கும் நீதிபதி, மத்திய மாவட்ட நீதிமன்ற நீதிபதி ஆகியோர் ஆளுக்கு ஒருவராக நியமிப்பார்கள். பணத்தை வைத்திருப்பவரிடம் முடிவைக் கொடுக்காமல் பெரும்பான்மையை வெளியே வைத்தார் பாருங்கள், அந்த ஒரு ஏற்பாட்டுக்காகவே எனக்குக் கோஃப் மீது மரியாதை. அடுத்த வருஷமே சிகாகோவில் ஒன்று வந்தது, பிறகு ஊர் ஊராகப் பரவியது.

இன்னொரு விஷயம் அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. தொடங்கிய காலத்தில் கிளீவ்லேண்ட் ஃபவுண்டேஷனிடம் பங்கிட்டுக் கொடுக்கப் பணமே இல்லை. உயில் எழுதியவர்கள் உயிரோடு இருக்கும் வரை சொத்து வராதே! அந்த இடைவெளியில் அவர்கள் செய்தது ஆய்வு. நகரத்தின் பள்ளிகள் எப்படி நடக்கின்றன, ஏழைகளுக்கான உதவி யாருக்குப் போய்ச் சேருகிறது, பிள்ளைகள் எங்கே விளையாடுகிறார்கள், நீதிமன்றமும் போலீஸும் எப்படி இயங்குகின்றன என்று ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்து வெளியிட்டார்கள். 1921-22-இல் குற்றவியல் நீதி பற்றி நடந்த ஆய்வைச் சட்ட அறிஞர்களான ராஸ்கோ பவுண்டும் ஃபெலிக்ஸ் ஃபிராங்க்ஃபர்ட்டரும் வழிநடத்தினார்கள், பின்னவர் பிற்காலத்தில் உச்ச நீதிமன்ற நீதிபதியானவர். பள்ளிகளைப் பற்றிய ஆய்வு அதிகாரத்தில் இருந்தவர்களுக்குக் கசப்பாகத்தான் இருந்தது. ஆனால் பணம் கொடுக்கும் முன்பு ஊரைத் தெரிந்துகொள் என்ற பழக்கம் அங்கேதான் வேர்விட்டது. இன்று பணம் நிறைய வைத்திருக்கும் அறக்கட்டளைகளில் பலவற்றுக்கு இந்தப் பழக்கம் விட்டுப்போய்விட்டது என்று எனக்கு ஒரு வருத்தம் உண்டு. கனடாவில் இது வேறு வடிவத்தில் உயிரோடு இருக்கிறது: டொராண்டோவில் 2001-இல் தொடங்கிய வைட்டல் சைன்ஸ் என்ற அறிக்கை, வீட்டு வாடகை, வேலை, உடல்நலம், பாதுகாப்பு என்று ஊரின் நாடியைப் பார்த்து எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறது, அதைப் பார்த்து மற்ற ஊர்களின் அறக்கட்டளைகளும் வெளியிட ஆரம்பித்தன.

சரி, பணக் கணக்குக்கு வருவோம். பெரும்பாலான சமூக அறக்கட்டளைகளின் முதுகெலும்பு நிலைவைப்பு நிதிதான். நீங்கள் கொடுக்கும் தொகை முதலாக நிற்கும், அது முதலீட்டில் வளரும், வருஷத்துக்கு நான்கு அல்லது ஐந்து சதவீதம் வெளியே மானியமாகப் போகும். சந்தை ஒரு வருஷம் ஏறும், மறுவருஷம் சரியும் என்பதால் கடந்த மூன்று முதல் ஐந்து வருஷங்களின் சராசரி மதிப்பை எடுத்து அதில் சதவீதம் கணக்கிடுவார்கள், அப்போதுதான் மானியம் வாங்கும் அமைப்புகளுக்குத் திடீர் அதிர்ச்சி இருக்காது. நிர்வாகச் செலவுக்குச் சிறு கட்டணம் எடுத்துக்கொள்வார்கள். நூறு ரூபாய் போட்டு வருஷம் நான்கு ரூபாய் வெளியே போனால் இருபத்தைந்து வருஷத்தில் கொடுத்த நூறுக்குச் சமமான தொகை வெளியே போயிருக்கும், முதல் அப்படியே இருக்கும். சில பேர் இதைக் கேட்டதும் "இன்றைக்குப் பசிக்கிறவனுக்கு நான்கு ரூபாய் கொடுத்துவிட்டு தொண்ணூற்றாறைப் பூட்டி வைப்பதா?" என்று கோபப்படுவார்கள். நியாயமான கோபம். அவசரத் தேவை கண்முன் இருக்கும்போது நேராகக் கொடுத்துவிடுங்கள், அதற்கு அறக்கட்டளை வழியாகப் போக வேண்டியதில்லை. ஆனால் ஒரு பகுதியில் மனநலச் சிகிச்சை மையமோ குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான தங்குமிடமோ இந்த வருஷம் இருந்து அடுத்த வருஷம் இல்லாமல் போனால் என்ன ஆகும்? அரசு நிதி வெட்டுப்படும் வருஷத்திலும், பெரிய கொடையாளர் மனம் மாறிப் போகும் வருஷத்திலும் நின்று கொடுக்கிற ஒரு மூலம் தேவை. நிலைவைப்பு நிதி அந்த மாதிரிக் காலத்துக்குத்தான்.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்த இடத்துக்கு வந்துவிட்டேன். சமூக அறக்கட்டளைக்குள் பல வகை நிதிகள் இருக்கும். ஒரு குறிப்பிட்ட அமைப்புக்கு மட்டும் போகும் நிதி ஒன்று, கல்வி உதவித்தொகைக்கான நிதி ஒன்று, சுற்றுச்சூழல், குழந்தைகள், கலை என்று ஒரு துறைக்கான நிதி ஒன்று, கொடையாளரே யாருக்குக் கொடுக்கலாம் என்று ஆலோசனை சொல்லும் நிதி ஒன்று. இவற்றோடு எந்த நிபந்தனையும் இல்லாமல், ஊருக்கு எப்போது எது தேவையோ அதற்கு என்று கொடுக்கப்படும் பொது நிதி. கடைசியாகச் சொன்ன இதற்குத்தான் எப்போதும் தட்டுப்பாடு. அதுதான் மிகவும் வேலை செய்யும் பணமும்.

ஏன் என்று விண்ணப்பங்களை வாசித்தால் புரியும். சின்ன அமைப்புகள் கேட்பதைப் பாருங்கள்: கூரை ஒழுகுகிறது, நோயாளிகளைக் கூட்டிப் போகும் வேனுக்கு டயர் மாற்ற வேண்டும், தணிக்கைக் கட்டணம் கட்ட வேண்டும், கணக்கு எழுதுகிறவருக்குச் சம்பளம் வேண்டும், இருக்கும் ஒரே பணியாளர் மகப்பேறு விடுப்பில் போகிறார், அந்த ஆறு மாதத்துக்கு இன்னொருவர் வேண்டும். இதற்கெல்லாம் எந்தக் கொடையாளர் பெயர் போட்டு நிதி வைப்பார்? புதுக் கட்டடத்துக்குப் பெயர்ப்பலகை வைக்கலாம், தணிக்கை அறிக்கைக்கு வைக்க முடியாது. ஆனால் தணிக்கை முடியாத அமைப்புக்கு அடுத்த வருஷம் அரசு மானியமும் வராது, பெரிய டிரஸ்டுகளும் திரும்பிப் பார்க்காது. ஒரு தொகையைச் சரியான மாதத்தில் கொடுத்துவிட்டால் அமைப்பு நிமிர்ந்துகொள்ளும், அதே தொகை ஆறு மாதம் தாமதமாக வந்தால் அதற்குள் ஆட்கள் கலைந்து போயிருப்பார்கள். அப்படி உடனே எடுத்துக் கொடுக்க முடிகிற பணம் பொது நிதியில் இருந்தால்தான் உண்டு. உதவித்தொகை நிதியில் கோடிக்கணக்கில் இருந்தாலும் அதிலிருந்து ஒரு டயர் வாங்க முடியாது.

நிபந்தனை போடும் கொடையாளரை நான் குறை சொல்லவில்லை. தன் தாய் புற்றுநோயில் இறந்தார் என்பதற்காகப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுக்க நினைப்பவரின் மனம் எனக்குப் புரிகிறது. அந்த உந்துதல் இல்லாவிட்டால் பாதிக் கொடைகள் பிறந்தே இருக்காது. நான் அவர்களிடம் கேட்பது ஒன்றுதான், உங்கள் மனதுக்கு நெருக்கமானதற்கு ஒரு பங்கு வையுங்கள், மீதியில் கொஞ்சமாவது ஊரின் கையில் விடுங்கள்.

கனடாவின் வினிபெக் நகரத்துக் கதை ஒன்று இந்த விஷயத்தில் எனக்கு எப்போதும் நினைவுக்கு வரும். 1921-இல் வில்லியம் ஃபோர்ப்ஸ் அலோவே என்ற வங்கியாளர் ஒரு லட்சம் டாலர் கொடுத்து வினிபெக் ஃபவுண்டேஷனைத் தொடங்கினார், அந்த நாட்டில் அதுவே முதல் சமூக அறக்கட்டளை. அதற்கு அடுத்து வந்த கொடை 1924-இல். ஒரு உறைக்குள் மூன்று ஐந்து டாலர் தங்கக் காசுகள், கூடவே ஏழைக் கைம்பெண்ணின் காணிக்கை என்று விவிலியத்தில் வரும் சொற்கள் எழுதிய சீட்டு. பெயர் இல்லை, நிபந்தனையும் இல்லை. அந்த அறக்கட்டளை இன்றும் அந்தப் பதினைந்து டாலரை அலோவேயின் ஒரு லட்சத்தோடு சேர்த்தே பேசுகிறது. இது இனிமையான கதை என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. பெரிய கொடையாளரும் சின்னக் கொடையாளரும் ஒரே முதலில் சேர முடிகிற இடங்கள் உலகத்தில் குறைவு. தனியார் குடும்ப டிரஸ்டில் உங்கள் ஐநூறு ரூபாய்க்கு இடமே கிடையாது. சமூக அறக்கட்டளைக்கோ பல பேரிடமிருந்து வாங்குவது சட்டப்படியே தேவை: அமெரிக்காவில் பொது அறக்கட்டளை என்ற தகுதியைக் காத்துக்கொள்ள, வருமானத்தில் கணிசமான பங்கு பொதுமக்களிடமிருந்து வருகிறது என்று காட்ட வேண்டும்.

சின்னத் தொகைகளை வரவழைப்பதற்கு இப்போது நல்ல வழிகள் வந்துவிட்டன. வருஷத்தில் ஒரு நாளைக் கொடை நாள் என்று அறிவித்து, அந்த ஒரே நாளில் ஊரின் எல்லா அமைப்புகளுக்கும் இணையத்தில் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று வைப்பது அவற்றில் ஒன்று. 2009-இல் டெக்சஸின் ஒரு சமூக அறக்கட்டளை தொடங்கிய நார்த் டெக்சஸ் கிவிங் டே இன்று மிகப் பெரியதாக வளர்ந்திருக்கிறது. இன்னொன்று இணைத்தொகை: நீங்கள் இவ்வளவு திரட்டினால் நான் இவ்வளவு போடுகிறேன் என்று ஒரு பெரிய டிரஸ்ட் சொல்வது. இண்டியானா மாநிலத்தில் லில்லி எண்டோமெண்ட் 1990-இல் இப்படித் தொடங்கியது, அதன் பலனாக அங்குள்ள 92 கவுண்டிகளிலும் (நம் மாவட்டம் போன்ற பிரிவுகள்) சமூக அறக்கட்டளைச் சேவை இருக்கிறது. வெளியே இருந்து பெரும் பணம் கொட்டினால் உள்ளூர்க்காரர்கள் கை கட்டி நிற்பார்கள், பாதியை நீங்கள் திரட்டுங்கள் என்றால் அந்த ஊரே நிமிர்ந்துவிடும்.

உறுத்தும் விஷயத்தையும் சொல்ல வேண்டும். கொடையாளர் ஆலோசனை நிதி என்று மேலே சொன்னேனே, அது நியூயார்க் கம்யூனிட்டி டிரஸ்டில் 1931-இல் முளைத்த யோசனை. நீங்கள் பணத்தை அறக்கட்டளையிடம் ஒப்படைத்துவிடுவீர்கள், வரிச்சலுகை அந்த வருஷமே உங்களுக்குக் கிடைத்துவிடும், பிறகு எப்போது, யாருக்குக் கொடுக்கலாம் என்று நீங்கள் ஆலோசனை சொல்வீர்கள். சட்டப்படி பணம் அறக்கட்டளையுடையது, நடைமுறையில் உங்கள் சொல்தான் எடுபடும். அமெரிக்காவில் தனியார் அறக்கட்டளைகள் வருஷத்துக்குச் சுமார் ஐந்து சதவீதம் செலவழித்தே ஆக வேண்டும் என்ற விதி இருக்கிறது, இந்த நிதிகளுக்கு அப்படிக் கெடு எதுவும் கிடையாது. வரிச்சலுகை வாங்கிய பணம் வருஷக்கணக்கில் தூங்கலாம், யாரும் கேட்க முடியாது. பல சமூக அறக்கட்டளைகளின் சொத்து வேகமாகப் பெருகியதற்கு இந்த நிதிகள் ஒரு முக்கியக் காரணம், அதனால் அவர்களும் இதைப் பற்றிக் கடுமையாகப் பேசத் தயங்குகிறார்கள். சொத்து மதிப்பில் உலக அளவில் பெயர் வாங்கிய ஒரு அறக்கட்டளையின் பகுதியிலேயே சின்ன அமைப்புகள் பணம் இல்லாமல் தவிக்கலாம், ஏனென்றால் அந்தச் சொத்தில் பெரும்பகுதி எங்கோ இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்துக்கோ மருத்துவமனைக்கோ போகக் காத்திருக்கலாம். ஒரு கெடு வைக்கச் சட்டம் வர வேண்டும் என்பது என் கருத்து. சட்டம் வரும் வரை சும்மா இருக்கவும் வேண்டாம், இத்தனை வருஷம் எதுவும் கொடுக்காத நிதியிலிருந்து ஒரு பங்கைப் பொது நிதிக்கு மாற்றுவோம் என்று அறக்கட்டளையே தன் விதியில் எழுதிக்கொள்ளலாம். சில இடங்களில் அப்படி எழுதியும் இருக்கிறார்கள்.

அப்புறம் "உள்ளூர்" என்ற எல்லைக்கோட்டின் பிரச்சினை. பெரில் பக் என்ற பெண்மணி 1975-இல் கலிஃபோர்னியாவில் இறந்தபோது, தன் சொத்தை மாரின் கவுண்டியில் இருக்கும் ஏழைகளுக்கும் அங்குள்ள அறப்பணிகளுக்கும் செலவழிக்கும்படி எழுதி, நிர்வாகத்தை சான் ஃபிரான்சிஸ்கோ ஃபவுண்டேஷனிடம் விட்டிருந்தார். உயில் எழுதும்போது அந்தச் சொத்தின் மதிப்பு சுமார் ஒரு கோடி டாலர். அதில் இருந்தது ஒரு எண்ணெய்க் கம்பெனியின் பங்குகள். 1979-இல் அந்தக் கம்பெனியை ஷெல் வாங்கியது, மதிப்பு பல மடங்கு எகிறியது, சில வருஷங்களில் முப்பது கோடி டாலரையும் தாண்டியது. மாரினோ அந்த நாட்டின் மிகச் செல்வமான கவுண்டிகளில் ஒன்று. பக்கத்திலேயே ஏழ்மை மிகுந்த பகுதிகள் இருக்க இவ்வளவு பணத்தையும் ஒரே இடத்தில் கொட்டுவது சரியில்லை என்று 1984-இல் அறக்கட்டளை நீதிமன்றம் போனது. மாரின்காரர்கள் கொதித்தார்கள். உயில் உயில்தான் என்று வாதம் நடந்தது. 1986-இல் அறக்கட்டளையின் கோரிக்கை தோற்றது, பொறுப்பிலிருந்து அது விலகியது, அந்தப் பணத்துக்கென்றே மாரின் கம்யூனிட்டி ஃபவுண்டேஷன் உருவானது.

இந்த வழக்கில் யார் பக்கம் நிற்பது என்று நான் ரொம்ப நாள் யோசித்தேன். இறந்தவரின் தெளிவான சொல்லை மீறினால் அடுத்து யார் நம்பி எழுதி வைப்பார்கள் என்பது சரியான கேள்வி. ஆனாலும் என் மனம் தோற்ற பக்கம்தான் சாய்கிறது. எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் பூங்காவுக்கு இன்னொரு பெஞ்சு, அந்தப் பக்கம் பிள்ளைகளுக்குப் பல் வைத்தியம் பார்க்க வழியில்லை என்றால், உள்ளூர்ப் பாசத்தை மட்டும் வைத்து அதை நியாயப்படுத்த என்னால் முடியவில்லை. செல்வமான பகுதியின் அறக்கட்டளை பக்கத்துப் பகுதியோடு சேர்ந்து ஒரு பொது நிதி வைக்கலாம், குறைந்தபட்சம் அந்தப் பேச்சையாவது தொடங்கலாம்.

பேரிடர் வரும்போது இந்த அமைப்புகளின் அருமை சட்டென்று தெரியும். 2001 செப்டம்பர் 11 தாக்குதல் நடந்த அன்றே நியூயார்க் கம்யூனிட்டி டிரஸ்டும் யுனைடெட் வே என்ற நன்கொடை திரட்டும் அமைப்பும் சேர்ந்து ஒரு நிதியைத் தொடங்கின, ஐம்பத்து மூன்று கோடி டாலருக்கும் மேல் சேர்ந்தது. பிரிட்டனில் கொரோனா காலத்தில் தேசிய அளவில் திரட்டிய நிதியை நேஷனல் எமர்ஜென்சீஸ் டிரஸ்ட் நாடு முழுவதும் உள்ள சமூக அறக்கட்டளைகள் வழியாகத்தான் பிரித்துக் கொடுத்தது. ஏன் அவர்கள்? எந்தத் தெருவில் எந்தச் சின்னக் குழு முதியவர்களுக்கு மருந்து வாங்கிப் போய்க் கொடுக்கிறது, எந்தக் குழுவிடம் பணம் ஒப்படைக்கலாம் என்பது அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். தண்ணீர் கழுத்தளவு வந்த பிறகு அந்தப் பட்டியலைத் தயாரிக்க முடியாது.

யார் முடிவு செய்வது என்ற கேள்விக்கு நான் பார்த்தவற்றுள் தைரியமான பதில் பாலஸ்தீனத்திலிருந்து வருகிறது. 2007-இல் உருவான டாலியா அசோசியேஷன், ஒரு ஊருக்கு இவ்வளவு தொகை என்று ஒதுக்கிவிட்டு, அதை எந்தக் குழுவுக்கு எப்படிப் பிரிப்பது என்பதை ஊர்க்காரர்களே கூடிப் பேசி முடிவு செய்ய விடுகிறது. விண்ணப்பப் படிவம் நிரப்பத் தெரிந்தவருக்குத்தான் பணம் என்ற நிலைமை அங்கே உடைகிறது. எங்கள் குழுவில் நாங்கள் விண்ணப்பங்களுக்கு மதிப்பெண் போடும்போது, அழகாக எழுதத் தெரிந்த அமைப்பு முன்னே போய்விடுவதை அடிக்கடி பார்க்கிறேன். அதைச் சரிசெய்ய நாங்கள் இப்போது படிவத்தைச் சுருக்கிவிட்டோம், எழுத முடியாதவர்கள் தொலைபேசியில் சொன்னால் நாங்களே எழுதிக்கொள்கிறோம், முடிந்தவரை நேரில் போய்ப் பார்க்கிறோம். பார்த்துவிட்டு வந்தால் மதிப்பெண் மாறாமல் இருப்பது அபூர்வம்.

பணம் கொடுப்பதோடு வேலை முடிந்துவிடுவதும் இல்லை. மறுபடி கிளீவ்லேண்டுக்கே வருகிறேன். அங்கே ஒரு பக்கம் பெரிய மருத்துவமனைகளும் பல்கலைக்கழகமும், அவற்றைச் சுற்றிலும் வேலையில்லாத ஏழைக் குடியிருப்புகள். கிளீவ்லேண்ட் ஃபவுண்டேஷன் அந்த நிறுவனங்களையும் நகர நிர்வாகத்தையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, நீங்கள் வெளியிலிருந்து வாங்கும் சேவைகளை உங்கள் பக்கத்துக் குடியிருப்பு மக்களிடமே வாங்கினால் என்ன என்று கேட்டது. அதிலிருந்து 2008-இல் தொடங்கிய முயற்சிதான் எவர்கிரீன் கூட்டுறவுகள்: மருத்துவமனைத் துணிகளை வெளுக்கும் சலவை நிறுவனம் ஒன்று, அங்கே வேலை செய்பவர்களே அதன் உரிமையாளர்கள். இதைத் தனி ஒரு கொடையாளர் செய்திருக்க முடியாது. மருத்துவமனை நிர்வாகியும் மேயரும் ஒருவர் கூப்பிட்டால் வருகிறார்கள் என்றால், கூப்பிட்டவருக்கு அந்த ஊரில் நீண்ட நாள் நம்பிக்கை சேர்ந்திருக்க வேண்டும்.

உங்கள் பகுதியில் ஒரு சமூக அறக்கட்டளை இருந்தால், பணம் போடும் முன்பு நான்கைந்து விஷயங்களைக் கேட்டுப் பாருங்கள். ஆண்டறிக்கையில் மொத்தச் சொத்து எவ்வளவு என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள், அதைத் தாண்டி, போன வருஷம் வெளியே போன மானியத்தில் எத்தனை பங்கு அந்தப் பகுதிக்குள்ளேயே போனது, பொது நிதியிலிருந்து எவ்வளவு போனது என்று கேளுங்கள். மானியம் முடிவு செய்யும் குழுவில் யார் யார் இருக்கிறார்கள், அதில் வாடகை வீட்டில் இருப்பவர், மானியம் வாங்கும் அமைப்பில் வேலை செய்தவர், இளைஞர் யாராவது உண்டா என்று பாருங்கள், எல்லோரும் தொழிலதிபர்களும் வழக்கறிஞர்களுமாக இருந்தால் அதையே நேராகச் சொல்லுங்கள். எடுக்கும் கட்டணம் என்ன, முதலீடு எங்கே போகிறது என்பதையும் கேளுங்கள், நுரையீரல் நோயாளிகளுக்கு மானியம் கொடுத்துக்கொண்டே புகையிலைக் கம்பெனிப் பங்கு வைத்திருக்கும் நிலைமை வரக் கூடாது. மறுக்கப்பட்ட விண்ணப்பதாரருக்குக் காரணம் சொல்கிறார்களா என்பது எனக்கு ஒரு முக்கியமான அளவுகோல்.

இல்லாத பகுதியில் இருக்கிறீர்கள் என்றால் பெரிய பணக்காரர் ஒருவருக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. சம்பளம் வாங்கும் ஒரு ஊழியர்கூட இல்லாமல் தன்னார்வலர்களே நடத்தும் அறக்கட்டளைகள் நிறைய இருக்கின்றன. நம்பிக்கையான ஏழெட்டுப் பேர், வெளிப்படையான கணக்கு, முதல் இரண்டு வருஷம் சின்னச் சின்ன மானியங்கள், யாருக்கு ஏன் கொடுத்தோம் என்று எல்லோரும் பார்க்கும்படி எழுதி வைப்பது, இவ்வளவோடு தொடங்கலாம். உயில்கள் பின்னால் வரும். முதல் வருஷத்தில் யாரிடமும் பெரிய தொகை கேட்காமல், கிளீவ்லேண்டில் செய்தது போல ஊரில் யாருக்கு என்ன குறை என்று வீடு வீடாகக் கேட்டு ஒரு அறிக்கை எழுதி வெளியிடுங்கள், அதைப் படிக்கிறவர்களில் சிலர் தாங்களாகவே பணம் கொண்டு வருவார்கள். அப்படி வரும் பணத்தை வாங்கும்போது "எங்கே தேவையோ அங்கே செலவழியுங்கள்" என்ற ஒரு வரியைப் படிவத்தில் முதல் தெரிவாக வையுங்கள், நிபந்தனை போட விரும்புகிறவர்கள் அதற்குக் கீழே எழுதிக்கொள்ளட்டும்.